பிறந்த மதமும் பெண்ணின் பங்கும்

(தேவதானத்தில் நூலக வாசகர்கள் கூட்டிய மகளிர் கூட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 பின்னால் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "இந்தம்மா எப்ப முடிப்பாங்க" என்று கைக்கடிகாரத்தைப் பார்க்கும் அண்ணாச்சிமார்களே, உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது, போய்விடாதீர்கள்.

அரபு நாட்டுப் பெண்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். அரபு நாடு என்றதும் நம் மனதில் வருவது ஒரே படம்தான்: பாலைவனம், ஒட்டகம், கறுப்பு அங்கி, ஊருக்கு வரும்போது சென்ட் பாட்டில் வாங்கி வரும் சித்தப்பா மகன். இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் நாடு லெபனான். அங்கே பாலைவனமே கிடையாது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பனி விழும் மலை. கொடியில் தேவதாரு மரம். பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர். நம் விருதுநகர் மாவட்டத்தைப் போல் இரண்டரை மடங்கு, அவ்வளவுதான். அதன் தலைநகரான பெய்ரூட்டில் பெண் மருத்துவரும் பெண் பேராசிரியரும் பெண் வழக்கறிஞரும் தாராளமாக உண்டு. அரபு உலகமே காலையில் கேட்டுக்கொண்டு காபி குடிக்கும் பாடகி ஃபைரூஸ் அந்த ஊர்க்காரர். 2019இல் காவல்துறையைக் கையில் வைத்திருக்கும் உள்துறைக்கு ராயா அல் ஹசன் என்ற பெண் அமைச்சரானார். எந்த அரபு நாட்டிலும் அதற்கு முன் அந்தப் பொறுப்பில் ஒரு பெண் இருந்ததில்லை.

இப்படிப்பட்ட நாட்டில் பெண்ணுக்கு என்ன குறை இருக்கப்போகிறது என்று தோன்றும். அவள் குறை வீதியில் இல்லை, வீட்டுக்குள்ளே இருக்கிறது.

லெபனான் அரசு ஏற்றுக்கொண்ட மதப் பிரிவுகள் 18. மரோனைட், கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கிரேக்கக் கத்தோலிக்கம், ஆர்மீனியர், சுன்னி, ஷியா, துரூஸ், அலவி, யூதர், காப்டிக் என்று பட்டியல் போகும். நாட்டின் குடியரசுத் தலைவர் மரோனைட் கிறித்தவராக இருக்க வேண்டும், பிரதமர் சுன்னி முஸ்லிம், நாடாளுமன்ற சபாநாயகர் ஷியா முஸ்லிம். 1943இல் எழுதாமல் செய்துகொண்ட ஒப்பந்தம் இது, இன்று வரை நடக்கிறது. யார் எத்தனை பேர் என்று எண்ணினால் இந்தப் பங்கீடு ஆட்டம் காணும் என்ற பயத்தில், 1932க்குப் பிறகு அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடத்தவில்லை! 1975 முதல் 1990 வரை பதினைந்து வருஷம் உள்நாட்டுப் போரும் நடந்து முடிந்தது.

அரசியலில் பதவியைப் பங்கு போட்டதைப் போலவே குடும்பத்தையும் மதத் தலைவர்களிடம் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1936இல் போட்ட உத்தரவு அதற்கு அடித்தளம். கல்யாணம், மணவிலக்கு, ஜீவனாம்சம், பிள்ளை யாரிடம் வளர்வது ஆகிய எதற்கும் எல்லாருக்கும் பொதுவான சட்டம் கிடையாது. 18 பிரிவுக்கு 15 சட்டம். அந்தந்த மதத்தின் நீதிமன்றம், அந்தந்த மதத்தின் நீதிபதி. ஒரு பெண் பிறந்ததும் அப்பாவின் பதிவேட்டில் பெயர் ஏறுகிறது. கல்யாணமானதும் அது கணவன் வீட்டுப் பதிவேட்டுக்கு மாறுகிறது. அவளுக்கென்று தனியாக ஓர் ஏடு இல்லை.

இதன் விளைவைச் சொல்கிறேன். பெய்ரூட்டில் ஒரு மாடிக் கட்டடத்தில் மூன்று தாய்மார்கள் குடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கும் கணவனோடு ஒத்துவரவில்லை, பிரிகிறார்கள். ஷியா பிரிவுத் தாய்க்கு மகன் இரண்டு வயது வரைதான் அவளிடம் இருப்பான், மகள் ஏழு வயது வரை. அதற்குப் பிறகு தகப்பன் வீட்டுக்கு. சுன்னித் தாய்க்குப் பிள்ளைகள் 12 வயது வரை உரிமை. அதுவும் 2011இல் போராடி வாங்கியது. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் தாய்க்கு மகன் 14 வரை, மகள் 15 வரை. மூன்று பிள்ளைகளும் ஒரே படிக்கட்டில் விளையாடுகிறவர்கள். ஒரே பள்ளிக்கூட வேனில் போகிறவர்கள். தாயின் மடி மட்டும் மதத்துக்கு மதம் அளவு மாறுகிறது. இரண்டு வயதுப் பையனைத் தாயிடமிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்லும் சட்டத்தை எதிர்த்து ஷியாப் பெண்கள் பல வருஷமாகத் தெருவில் நிற்கிறார்கள். அந்த வயது இன்னும் மாறவில்லை.

சொத்து விஷயம் இதைவிட விசித்திரம். கிறித்தவர்களுக்கும் மற்ற முஸ்லிம் அல்லாதவர்களுக்கும் 1959இல் ஒரு வாரிசுச் சட்டம் வந்தது. மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. முஸ்லிம் வீட்டில் மகனுக்கு இரண்டென்றால் மகளுக்கு ஒன்று. ஆண் பிள்ளையே இல்லாத வீடு என்றால்? சுன்னி முறையில் மகள்களுக்குப் போக மீதி சித்தப்பா, பெரியப்பா பக்கம் போகும். ஷியா முறையில் மொத்தமும் மகள்களுக்கே. அதனால், பெண் பிள்ளைகள் மட்டுமே பெற்ற சில சுன்னித் தகப்பன்மார் சாகும் முன் ஷியாவாகப் பெயர் மாற்றிப் பதிந்துகொள்வது அங்கே ஊரறிந்த சங்கதி. மகள் மேல் உள்ள பாசத்தால் மதப் பிரிவையே மாற்றுகிறான். அந்தத் தகப்பனை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படி ஒருவனை மாறவைக்கும் ஏற்பாட்டைத்தான் குறை சொல்வேன்.

இந்த வலையில் அகப்படாமல் கல்யாணம் செய்துகொள்ள வழி உண்டா? உண்டு, விமானம் ஏற வேண்டும். பக்கத்துத் தீவு நாடான சைப்ரஸில் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்தால் லெபனான் அரசு அதை ஒப்புக்கொள்ளும். உள்ளூரில் செய்தால் ஒப்புக்கொள்ளாது! அந்தக் கல்யாணத்தில் பிரச்சினை வந்தால் லெபனான் நீதிபதி சைப்ரஸ் சட்டப் புத்தகத்தைப் பிரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். காசு உள்ளவனுக்குத்தான் இந்த வழி. 1998இல் குடியரசுத் தலைவர் இலியாஸ் ஹ்ராவி, விரும்பியவர்கள் மட்டும் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். அமைச்சரவையும் ஒப்புக்கொண்டது. போர்க்காலத்தில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட சமூகங்களின் மதத் தலைவர்கள் எல்லாரும் அதை எதிர்ப்பதில் மட்டும் ஒன்றுகூடினார்கள். மசோதா நாடாளுமன்றத்துக்கே போகவில்லை. பெண்ணைக் கட்டுப்படுத்துவது என்று வந்துவிட்டால் மத நல்லிணக்கம் தானாக வந்துவிடும் போலிருக்கிறது.

2012இல் குலூத் சுக்கரியே என்ற பெண்ணும் நிதால் தர்வீஷ் என்ற பையனும் ஒரு வேலை செய்தார்கள். தங்கள் பதிவேட்டிலிருந்து மதப் பிரிவை நீக்கவைத்தார்கள். 1936ஆம் வருஷத்து அதே பிரெஞ்சு உத்தரவில் எந்தப் பிரிவையும் சேராதவர்களுக்கு இருந்த சின்ன இடுக்கைப் பிடித்துக்கொண்டு, லெபனான் மண்ணிலேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். பெரிய சண்டைக்குப் பிறகு 2013இல் உள்துறை அதைப் பதிந்தது. பிறகு அதே வழியில் போனவர்களுக்கு அதே கதவு அடைபட்டது.

இப்போது ஊருக்குத் திரும்புவோம், பெய்ரூட் வழியாக. 1928ஆம் வருஷத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் பெய்ரூட்டில் நசீரா ஸைனுத்தீன் என்ற துரூஸ் பெண், இருபது வயது, முகத்திரையைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டாள். அப்பா நீதிபதி. வீட்டில் நடக்கும் விவாதங்களைக் கேட்டு வளர்ந்தவள். வேதத்தையும் விளக்கங்களையும் தானே படித்து, முகத்தை மூடச் சொல்வது மதம் இல்லை, ஆண்கள்தான் என்று வாதாடினாள். மதப் பெரியவர்கள் கொதித்தார்கள். ஒரு பெண்ணால் இப்படி எழுதவே முடியாது, வேறு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார்கள். மறு வருஷமே அவர்களுக்குப் பதிலாக இன்னொரு புத்தகம் போட்டாள்.

அதே 1928 மே 28ஆம் தேதி, இதே மாவட்டத்தில், அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தம் கிராமத்தில் பெரியார் முன்னிலையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. ஐயர் இல்லை, மந்திரம் இல்லை. மறு வருஷம் 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில், பெண்ணுக்கு ஆணுக்குச் சமமாகச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். நசீராவுக்குச் சுக்கிலநத்தம் தெரியாது, சுக்கிலநத்தத்துக்கு நசீராவைத் தெரியாது. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே கேள்வி: என் குடும்ப வாழ்க்கைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட மதத்தின் ஆள்தான் வர வேண்டுமா?

நம் பக்கம் அதற்குப் பதில் கிடைக்க நாற்பது வருஷம் ஆனது. இடையில் ஆயிரக்கணக்கான சுயமரியாதைத் திருமணங்கள் நடந்தன. 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மாதிரிக் கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. ஒரே தீர்ப்பில் அத்தனை மனைவிமாரும் மனைவி இல்லை, அத்தனை பிள்ளைகளும் வாரிசு இல்லை என்ற நிலை. 1967இல் அண்ணா முதலமைச்சரானதும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார். உறவினர், நண்பர், வேறு யாராவது நாலு பேர் முன்னால் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும், கல்யாணம் செல்லும். முன்னால் நடந்தவையும் செல்லும். லெபனான் பெண் கடல் தாண்டிப் போய்ச் செய்துகொள்ளும் கல்யாணத்தை நாம் நம் ஊர்ச் சாவடியிலேயே செய்துகொள்ளலாம். இதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. அங்கே போய்ச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள்.

ஆனால் இந்தக் கதவு இரண்டு இந்துக்களுக்கு மட்டும். பெண் கிறித்தவர், பையன் இந்து என்றால் 7ஏ உதவாது. 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே முப்பது நாள் முன்னறிவிப்பு. பெயர், வயது, விலாசம் எல்லாம் எழுதி அலுவலகத்தில் எல்லார் பார்வைக்கும் ஒட்டுவார்கள். பெண்ணைத் தேடிக்கொண்டிருக்கும் மாமனுக்கும் அண்ணனுக்கும் வேலை மிச்சம். மானிடனுக்கு வாழ்க்கைப்பட மாட்டேன், நான் நினைத்தவனைத்தான் மணப்பேன் என்று சொன்ன பெண்ணுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயில் கட்டிக் கும்பிடுகிறோம். அந்தக் கோயில் கோபுரம்தான் தமிழ்நாட்டு அரசின் முத்திரையில் இருக்கிறது. அதே பேச்சை நம் வீட்டுப் பெண் பேசினால் படிப்பை நிறுத்துகிறோம். 2023இல் உச்ச நீதிமன்றம், சுயமரியாதைத் திருமணத்தை ஊரைக் கூட்டித்தான் செய்ய வேண்டும் என்பதில்லை, வழக்கறிஞர்களும் நண்பர் என்ற முறையில் முன்னின்று நடத்திவைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. உயிருக்குப் பயந்து ஓடிவரும் ஜோடிகளைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பெரிய தீர்ப்பு அது.

கல்யாணத்தில் நாம் லெபனானை முந்திவிட்டோம். சொத்தில் முந்தினோமா? அந்த நாட்டுக் கிறித்தவ மகளுக்கு 1959இலேயே சமபங்கு வந்ததைச் சொன்னேன். நம் மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் 1916இல் ஒரு சட்டம் போட்டார்கள்: கிறித்தவ மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைச்சலோ அது! நம் செங்கோட்டையும் கன்னியாகுமரியும் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தவை என்பதை நினைவில் வையுங்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்து கோட்டயத்து மேரி ராய் டீச்சர் உச்ச நீதிமன்றம் போனார். 1986இல் ஜெயித்தார். இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனும் மகளும் சமம் என்று தீர்ப்பு. சொந்தச் சகோதரனோடு வழக்காடியதற்காக ஊர் அவரை என்னென்ன பேசியிருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிறித்தவப் பெண்களின் இன்னொரு பாடு மணவிலக்கு. 1869ஆம் வருஷத்துச் சட்டத்தில், மனைவி தவறு செய்தாள் என்று மட்டும் காட்டினால் கணவனுக்கு விடுதலை. மனைவிக்கோ, கணவன் வேறு பெண்ணோடு போனதோடு கூடவே கொடுமை போல இன்னொரு குற்றத்தையும் சேர்த்துக் காட்டினால்தான் விடுதலை. இது மாற 2001 ஆனது.

முஸ்லிம் மகளுக்கு மகனில் பாதிப் பங்கு. அது குறைதான். ஆனால் இந்து மகளுக்கு ஒரு சென்ட் நிலத்தில் உரிமை வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அவளுக்கு அந்தப் பாதி எழுதிவைக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1937இல் ஷரியத் சட்டம் வந்தபோது விவசாய நிலத்தை அதிலிருந்து விலக்கிவைத்தார்கள். சென்னை மாகாணம் 1949இல் அந்த விலக்கை எடுத்துவிட்டது. ஆகவே வயலிலும் தோப்பிலும் அவளுக்குப் பங்கு உண்டு. அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை. அவள் குடும்ப வழக்குக்கு ஜமாத்துக்குப் போனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். என் வழக்கைப் பேச ஒரு பெண்கூட இல்லாத சபை எனக்கு எப்படி நியாயம் சொல்லும் என்று கேட்டு, புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்றே ஒரு ஜமாத்தை உருவாக்கினார். ஷியா நீதிமன்ற வாசலில் நிற்கும் லெபனான் தாயும் இவரும் ஒரே கட்சி.

இந்துக்களாகிய நாங்கள் சீர்திருந்தியவர்கள் என்று யாராவது நிமிர்ந்து உட்கார்ந்தால், கொஞ்சம் பொறுங்கள். இந்துச் சட்டத் தொகுப்பை நிறைவேற்றவிடாமல் இழுத்தடித்ததைப் பொறுக்காமல் 1951இல் அம்பேத்கர் அமைச்சர் பதவியை விட்டுப் போனார். 1956இல் வந்த வாரிசுரிமைச் சட்டத்தில், தகப்பன் சுயமாகச் சம்பாதித்ததில் மகளுக்கும் பங்கு கிடைத்தது. பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை மகனுக்கு மட்டும்தான் இருந்தது. 1929 செங்கல்பட்டுத் தீர்மானம் சட்டமாக அறுபது வருஷம் ஆனது. கலைஞர் ஆட்சியில், 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சமபங்கு. ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணம் ஆனவளுக்குக் கிடையாது. ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லை, தங்கச்சிக்கு உண்டு. 2005 மத்தியச் சட்டம் அந்த வித்தியாசத்தையும் எடுத்தது. 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. வேண்டியதில்லை, மகள் பிறந்ததுமே பங்குதாரர். 2004 டிசம்பர் 20க்கு முன்னால் முறைப்படி பாகப்பிரிவினை முடிந்த சொத்துக்கு மட்டும் இது செல்லாது.

இன்னும் ஒரு முள் அந்த 1956 வாரிசுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ராஜபாளையத்து மில்லில் இருபது வருஷம் ஷிப்டு பார்த்து, சீட்டுப் போட்டு, ஒரு பெண் இரண்டு சென்ட் வீட்டுமனை வாங்குகிறாள் என்று வையுங்கள். பிள்ளை இல்லை. புருஷன் போய்விட்டான். மாமியார் வீட்டார் அவளைக் கவனிக்கவில்லை, பெற்ற தாய்தான் கஞ்சி ஊற்றுகிறாள். அவள் உயில் எழுதாமல் இறந்தால் அந்த மனை யாருக்கு? தாய்க்கு இல்லை. 15ஆவது பிரிவின்படி கணவனின் வாரிசுகளுக்கு. கணவனின் அண்ணன் தம்பி வந்து நிற்பார்கள். ஆண் அதே மாதிரி இறந்தால் மனைவியின் அண்ணனுக்குச் சொத்து போகுமா? போகாது. அவன் தாய் முதல் வாரிசில் வருகிறாள். அம்மாமார்களே, உயில் பணக்காரர்களுக்கானது என்று நினைக்காதீர்கள். இரண்டு சென்ட் வைத்திருப்பவள்தான் முதலில் எழுத வேண்டும்.

அப்படியானால் எல்லாருக்கும் ஒரே சட்டம் கொண்டுவந்துவிடலாமே என்று கேட்பீர்கள். ஒரே சட்டமா பல சட்டமா என்று சண்டை போடுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்ணைப் பற்றிக் கவலைப்பட்டுச் சண்டை போடவில்லை என்பது என் எண்ணம். ஒரு மதத்தின் சட்டத்தை எடுத்து எல்லார் தலையிலும் வைத்தால் மேலே சொன்ன 15ஆவது பிரிவு மாதிரியான முள்ளும் கூடவே வரும். எந்த மதத்துப் பெண்ணாக இருந்தாலும், என் மதச் சபை நியாயம் தரவில்லை என்றால் தட்டுவதற்கு அரசின் கதவு ஒன்று வேண்டும். அந்தக் கதவு தாலுகா ஊரிலேயே இருக்க வேண்டும், சைப்ரஸில் இருக்கக் கூடாது. நான் கேட்பது அவ்வளவுதான்.

சரி, சட்டம் கதவைத் திறந்துவிட்டது. நாம் உள்ளே போகிறோமா? சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு முகூர்த்த நாள் காலையில் போய்ப் பாருங்கள். ஆட்டோவில் நாலு அக்கா தங்கச்சிகள் வந்து இறங்குவார்கள். புதுச் சேலை. கூடவே அண்ணன், ஆவண எழுத்தர், சாட்சிக்கு இரண்டு பேர். "ஒரு கையெழுத்துத்தான் தங்கச்சி, மாப்பிள்ளைகிட்டயும் சொல்லிட்டேன்" என்பார் அண்ணன். எழுதியிருப்பது விடுதலைப் பத்திரம். அப்பா சொத்தில் எனக்குள்ள பங்கு முழுவதையும் அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தேன் என்று. என்ன விலைக்கு? பல வீடுகளில் அந்தச் சேலைக்கும் மதியச் சாப்பாட்டுக்கும். மேலே சொன்ன தீர்மானம், சட்டம், தீர்ப்பு எல்லாம் அந்த மேஜையில் ஒரு கைரேகையில் முடிந்துபோகும்.

இது உங்கள் ஊர், உங்கள் சாமி கதையை நான் சொல்லக் கூடாது. இருந்தாலும் சொல்கிறேன். பகையரசன் பாண்டியனுக்கு அன்பளிப்பு என்று ஓர் ஆடை அனுப்பினான். நஞ்சு தோய்த்த ஆடை. உடுத்தினால் உடம்பு எரியும். அதைத் தவிர்த்துக் காத்ததால் இங்கே ஈசனுக்கு நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி என்று பெயர். பத்திரம் பதிகிற நாளில் அண்ணன் எடுத்துக்கொடுக்கும் பட்டுச் சேலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கோயில்தான் ஞாபகம் வரும்.

பெண்கள் ஏன் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும். மகளுக்குச் சடங்கென்றால் தாய்மாமன் சீர் கொண்டு வர வேண்டும். நாளைக்குப் புருஷன் அடித்து விரட்டினால் வந்து நிற்க ஓர் இடம் வேண்டும். நிலத்தை விட்டுக்கொடுத்து அந்த இடத்தை வாங்கிக்கொள்கிறாள். அவள் ஏமாளி என்று நான் சொல்ல மாட்டேன். அவள் கணக்குப் போட்டுத்தான் செய்கிறாள். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு தப்பு உண்டு. அண்ணன் இருக்கும் வரை சரி, மதினி காலத்தில், மருமகப்பிள்ளைகள் காலத்தில் அந்த வாசல் யாருக்குத் திறந்திருக்கும்? "உனக்கு அம்பது பவுன் போட்டோமே" என்பார்கள். அந்த ஐம்பது பவுன் யார் வீட்டுக் கடனுக்கு அடகு போனது என்று ஊருக்கே தெரியும்.

லெபனானைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் போனால் பாதிக் கதைதான் சொன்னதாகும். அங்கே எந்தப் பிரிவிலும் சேராத பெண்கள் உண்டு. வீட்டு வேலைக்கு வந்தவர்கள்: எத்தியோப்பியா, பிலிப்பைன்ஸ், வங்காளதேசம், இலங்கை. 1980களிலிருந்து இலங்கைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள், அதில் மலையகத்துத் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்களும் உண்டு. வேலை கொடுப்பவர்தான் பொறுப்பாளர். அவர் சம்மதம் இல்லாமல் வேலை மாற முடியாது, நாடு திரும்பவும் முடியாது. கஃபாலா முறை என்பார்கள். லெபனானின் 1946ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டத்தில் வீட்டு வேலைக்காரர் சேர்க்கப்படவே இல்லை. பதினெட்டுப் பிரிவும் எதில் சண்டை போட்டாலும், வேலைக்காரியின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவைப்பதில் பேதம் பார்ப்பதில்லை. 2020 ஜூனில் பொருளாதாரம் விழுந்தபோது, சம்பளம் கொடுக்க முடியாத எஜமானர்கள் எத்தியோப்பியப் பெண்களைக் காரில் கொண்டுவந்து, பெட்டியோடு அவர்கள் நாட்டுத் துணைத் தூதரக வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். தன் குடும்பச் சட்டத்தில் நியாயம் கேட்டுப் போராடும் லெபனான் பெண்ணின் வீட்டு அடுக்களையிலும் அப்படி ஒருத்தி இருந்திருக்கலாம். இதை அந்த நாட்டுப் பெண் அமைப்புகளே பேசுகின்றன, அதனால் நானும் சொல்கிறேன். நம் பக்கத்திலிருந்து யாராவது வீட்டு வேலைக்கு அரபு நாடு போவதென்றால், முப்பது வயது முடியாத பெண்ணை அப்படி அனுப்ப இந்திய அரசு அனுமதிப்பதில்லை. லெபனானுக்கும் அதே விதிதான். சுற்றுலா விசாவில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏஜெண்டு சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

லெபனான் பெண்கள் சும்மா இருக்கவில்லை. பலாத்காரம் செய்தவன் அந்தப் பெண்ணையே கட்டிக்கொண்டால் தண்டனை இல்லை என்று அவர்கள் குற்றவியல் சட்டத்தில் 522ஆவது பிரிவு இருந்தது. 2017இல் பெய்ரூட் கடற்கரைச் சாலையில், கல்யாண உடைகளைத் தூக்குக் கயிறு போட்டுத் தொங்கவிட்டார்கள். அந்த ஆகஸ்டில் பிரிவு ஒழிந்தது. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் அதே தீர்ப்பைச் சட்டப் புத்தகம் இல்லாமலேயே சொல்கிறோம். வேறு நாட்டானைக் கட்டிய பெண் தன் பிள்ளைக்குக் குடியுரிமை தர முடியாது என்ற 1925ஆம் வருஷத்து விதியை மட்டும் அவர்களால் இன்னும் அசைக்க முடியவில்லை.

சட்டம் செய்யும் சபையில் பெண்கள் எத்தனை பேர்? லெபனானில் 2022 தேர்தலில் 128 பேரில் எட்டுப் பெண்கள். ஐயோ பாவம் என்று தோன்றுகிறதா? 2021இல் நாம் தேர்ந்தெடுத்த தமிழ்நாடு சட்டமன்றத்தில் 234 பேரில் 12 பெண்கள். விகிதம் போட்டால் அவர்கள் நம்மைவிட ஒரு படி மேல். உள்ளாட்சியில் ஐம்பது சதவீதம் வைத்திருக்கிறோம் என்பீர்கள். தலைவி பெயர் போட்ட நாற்காலியில் தலைவியின் வீட்டுக்காரர் உட்காராத ஊராகப் பார்த்துச் சொல்லுங்கள், சந்தோஷமாக ஒப்புக்கொள்கிறேன்.

வெயில் இறங்குகிறது, பஸ்ஸுக்கு நேரமாகிறது. கல்யாணத்தை எந்த மதப்படி செய்தாலும், ஓலை வாசித்துச் செய்தாலும் நிக்காஹ் ஓதிச் செய்தாலும் தாலி கட்டிச் செய்தாலும், 90 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். 2009ஆம் வருஷத்துச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லா மதத்தாருக்கும் அது கட்டாயம். புருஷன் இல்லை என்று மறுக்கும் நாளில் கல்யாண ஆல்பத்தைவிட அந்தக் காகிதம் உதவும். அண்ணாச்சிமார்களே, தங்கச்சியைக் கையெழுத்துக்குக் கூட்டிப்போகும் முன் அவள் பங்கின் சந்தை மதிப்பு என்ன என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தெரிந்த பிறகும் அவள் விட்டுக்கொடுத்தால் அது அவள் இஷ்டம். தங்கச்சிகளே, படிக்காமல் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால், "நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று பின்வாங்க வேண்டாம். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது 1987ஆம் வருஷத்துச் சட்டம். ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. போனில் கூப்பிட 15100.